ஒரே எஞ்சின், இரண்டு வண்டி: ஜாகுவார் மார்க் 2 செடானா, ஈ-டைப் ரோட்ஸ்டரா?

#1 லெஸ்டர்_வாசன்

எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து ஒன்றை இங்கே கொண்டுவருகிறேன். நானும் என் மச்சினனும் கூட்டாக ஒரு பழைய ஜாகுவார் வாங்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறோம். ஜாகுவார் என்பதில் சண்டை இல்லை. அறுபதுகளின் ஜாகுவார் என்பதிலும் சண்டை இல்லை. எனக்கு மார்க் 2 வேண்டும்: 3.8 லிட்டர், மேனுவல் கியர், ஓவர்டிரைவோடு (நெடுஞ்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர்). வால்நட் மரத்தில் டாஷ்போர்டு, தோல் இருக்கை, முன் சீட்டின் முதுகில் மடித்து இறக்கும் குட்டி மேசை, நாலு கதவு. அவனுக்கு ஈ-டைப். அதுவும் கூரை திறக்கும் ரோட்ஸ்டர், முகப்பு விளக்கைக் கண்ணாடி மூடியிருக்கும் முதல் வரிசை (சீரிஸ் 1) வண்டி. அதற்குக் கீழே எதையும் பார்க்க மாட்டானாம்.

கையிருப்பு முழுவதையும் கொட்டினால் சுமாரான ரோட்ஸ்டர் ஒன்று வரும். நல்ல மார்க் 2 என்றால் அதில் பாதிகூட ஆகாது. இதற்கிடையில் இங்கிலாந்தில் டெர்பி பக்கம் 1962 மார்க் 2 3.8 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை நம்ப முடியாத மலிவு. "ஓடுகிறது, கொஞ்சம் தகர வேலை பாக்கி" என்று போட்டிருக்கிறார்கள். அதை வாங்கி, மிச்சப் பணத்தில் நிதானமாகச் சரிசெய்துகொண்டால் வண்டிக்கு வண்டியும் ஆச்சு, வங்கியில் காசும் நிற்கும் என்பது என் கட்சி.

என் மனைவி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என்ன வேண்டுமானாலும் வாங்குங்கள், எனக்கும் அதில் உட்கார இடம் இருக்க வேண்டும்." இந்த ஒரு வரியிலேயே வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். மச்சினன் விடவில்லை. இரண்டையும் ஓட்டியவர்கள், கழற்றியவர்கள் சொல்லுங்கள்.

#2 மயிலை_ரேடியேட்டர்

நல்ல வழக்கு. வாதியும் பிரதிவாதியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதுதான் இதில் விசேஷம்.

இரண்டு வண்டியிலும் இருப்பது எக்ஸ்கே எஞ்சின். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கவென்ட்ரி நகரில் இருந்த ஜாகுவாரின் ஃபோல்ஸ்ஹில் தொழிற்சாலையில் குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் தீக்காவல் இருப்பார்கள். அந்த நேரத்தில் வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி மூவரும் பேசிப் பேசி உருவாக்கிய எஞ்சின் அது. 1948இல் எக்ஸ்கே 120 காரில் வெளியே வந்தது. லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1951, 1953, 1955, 1956, 1957 என ஐந்து முறை வென்றது. டெய்ம்லர் லிமோசின் வழியாக 1992 வரை உற்பத்தியில் இருந்தது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். 3.8இன் சிலிண்டர் விட்டம் (போர்) 87 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் (ஸ்ட்ரோக்) 106. இரண்டு வண்டியிலும் இதே அளவுதான்.

மார்க் 2வில் (1959) எஸ்யூ நிறுவனத்தின் கார்புரேட்டர் இரண்டு, 220 குதிரைத்திறன். ஈ-டைப்பில் (1961) இரண்டு அங்குல எஸ்யூ மூன்று, வேறு ஹெட், 265. எடை முன்னதற்குச் சுமார் 1,500 கிலோ, பின்னதற்கு 1,220 பக்கம். ஆக வித்தியாசம் 45 குதிரை, கிட்டத்தட்ட 300 கிலோ.

வாசன் சார் மார்க் 2வைக் கல்யாண வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. பெர்னார்ட் கான்ஸ்டன் 1960 முதல் 1963 வரை தொடர்ந்து நான்கு வருடம் டூர் டி பிரான்ஸ் கார் பந்தயத்தில் டூரிங் பிரிவை இதே 3.8இல் ஜெயித்தார். 1963இல் பீட்டர் நாக்கர் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வாங்கியதும் இதில்தான். பிரிட்டிஷ் போலீஸ் இதை வைத்திருந்தது, வங்கிக் கொள்ளையர்களும் வைத்திருந்தார்கள். இரு தரப்புக்கும் காரணம் ஒன்றே.

இன்னொன்று. 1961இல் ஈ-டைப் ரோட்ஸ்டர் விலை வரியோடு 2,097 பவுண்ட். ஆஸ்டன் மார்ட்டின் டிபி4 விலையில் ஏறக்குறையப் பாதி. அன்றைக்கு 3.8 மார்க் 2வுக்கும் இதற்கும் இடையே சில நூறு பவுண்ட்தான் இடைவெளி. இன்று ஒரு நல்ல ரோட்ஸ்டர் விலைக்கு நல்ல மார்க் 2 இரண்டு மூன்று வாங்கலாம். அறுபது வருடத்தில் சந்தை செய்த வேலை இது. கவென்ட்ரி செய்ததல்ல.

#3 ஹரோ_குகன்

வாசன் அண்ணை, மார்க் 2 3.8 என்னட்ட கனகாலமா நிக்குது. நீங்கள் கேட்டதாலை உள்ளதைச் சொல்லுறன்.

நல்லது முதல்ல. பின்சீற்றில இருக்கிற ஆக்களுக்கு இதைப்போல கார் இல்லை. அம்மாவை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போறன், அவ இறங்கவே விரும்பமாட்டா. நெடுஞ்சாலையில ஓவர்டிரைவைப் போட்டா எஞ்சின் சத்தம் இறங்கி, 70 மைலில சும்மா கதைச்சுக்கொண்டு போகலாம். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிறேக். 1959இல ஒரு குடும்பக் காருக்கு இது சின்ன விசயமில்லை. எங்கட ஆக்களின்ர கலியாணம் எண்டா மாப்பிள்ளை வீட்டில இருந்து முதல் போன் எனக்குத்தான் வரும்.

இனிக் கெட்டது. ஸ்ரியறிங் சரியான பாரம். பவர் ஸ்ரியறிங் இல்லாத வண்டியெண்டா கடைப் பக்கம் பார்க் பண்ணேக்க தோள் கழரும், நாலு சுத்துக்கு மேல சுத்தோணும். ஹீற்றர் இருக்குது எண்டு கைநூலில எழுதியிருக்கு, அவ்வளவுதான். 1965க்கு முந்தின மொஸ் கியர்பொக்ஸில முதலாம் கியருக்கு சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழப் பண்ணுற சாமான்) இல்லை. அவசரப்பட்டா கத்தும். ஆறுதலாப் போட்டா போகும். பின்னுக்கு இலை வில்லு, ஒரே அச்சு. மழையில வளைவுக்குள்ள காலை அழுத்தினா பின்பக்கம் உங்களை முந்தப் பாக்கும்.

லண்டனில வச்சிருக்கச் செலவு பயப்பிடுற மாதிரி இல்லை. 40 வருசம் தாண்டினபடியால் வாகன வரி இல்லை, 2018இல இருந்து எம்ஓடி எண்ட வருசாந்தத் தகுதிப் பரிசோதனையும் கட்டாயமில்லை, யூலெஸ் எண்ட லண்டன் புகைக் கட்டணமும் இல்லை. எண்டாலும் நான் வருசா வருசம் எம்ஓடிக்குக் கொண்டுபோறனான். பிறேக் பைப்பை வேற ஆள் ஒருதர் கீழ நிண்டு பாக்கிறது நல்லது. பெற்றோல் ஈ5 (எத்தனோல் குறைஞ்சது) மட்டும் அடியுங்கோ. 2021இல வந்த ஈ10 பழைய ரப்பரைத் திண்டுபோடும்.

டெர்பி காரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. படத்தில சில்லு வளைவுக்குக் கீழ ஏன் இவ்வளவு கறுப்பு பெயின்ற் அடிச்சிருக்கு எண்டு மட்டும் கேளுங்கோ.

#4 காற்றுவாக்கு_கதிர்

அந்த மச்சினன் நான்தான். அத்தான் சபையில ஒரு பக்கம் மட்டும் பேசியிருக்காங்க, அதனால வந்துட்டேன்.

அத்தான், மார்க் 2 நல்ல வண்டி. யார் இல்லேன்னா? ஆனா அதை ஏன் வாங்கணும்? உங்க வீட்டு வாசல்ல நிக்கிற இப்போதைய கார்ல நாலு கதவு இருக்கு, தோல் சீட் இருக்கு, ஹீட்டர் கூட வேலை செய்யுது. அக்காவும் பிள்ளைகளும் அதுல வரட்டும். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு யாரும் எந்திரிக்காத நேரத்துல பீக் டிஸ்ட்ரிக்ட் மலை ரோட்டுல கூரையை மடிச்சுப் போட்டு ஓட்டுறதுக்கு ஒரு வண்டி வேணும். இருக்கிற வண்டி செய்ய முடியாததைச் செய்யுற வண்டியைத்தானே வாங்கணும்?

உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? முன்னால அவ்வளவு நீளம் பானெட். மூணு வைப்பர். கால் நீட்டி, கிட்டத்தட்ட தரையில உட்கார்ந்திருப்பீங்க. பின் சஸ்பென்ஷன் தனித்தனி, ஸ்டியரிங் ரேக் அண்ட் பினியன். சாலையில என்ன இருக்குன்னு கைக்குத் தெரியும். குகன் அண்ணா சொன்ன தோள்வலி இதுல கிடையாது.

அக்காவுக்கு இடம் இருக்கு. ரெண்டு சீட்டுல ஒண்ணு அவளுக்குத்தான். உங்களுக்கு இடம் இல்லேங்கிறதுதான் உங்க கவலையோ என்னவோ.

என்சோ ஃபெராரி இதை உலகத்துலயே அழகான கார்னு சொன்னார்னு யாராவது வர்றதுக்குள்ள நானே சொல்லிடுறேன், அதை நான் ஆதாரமா எடுக்கல. எங்க, எப்போ சொன்னார்னு இதுவரை ஒருத்தரும் எனக்குக் காட்டினதில்ல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996ல ஒரு ரோட்ஸ்டரைத் தன் சேகரிப்புல சேர்த்துச்சு. அது போதும்.

#5 வித்யா_கவென்ட்ரி

கார் உடல்கூடு வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் ஈ-டைப் கூபே (நிலையான கூரை உள்ளது) ஒன்றோடு மல்லுக்கட்டுகிறேன். அழகு, ஓட்டம் இரண்டையும் பற்றி நீங்களே பேசிக்கொள்ளுங்கள். டெர்பி வண்டி இந்த இழையில் இருக்கும்வரை அதைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

வாசன் சார், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மார்க் 2 மலிவு, அதனால் அதைச் சரிசெய்வதும் மலிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வெல்டிங் செய்கிறவர் வண்டியின் சந்தை விலையைப் பார்த்துக் கூலி கேட்பதில்லை. மணிக்கணக்கில்தான் கேட்பார். ஈ-டைப்பின் கதவுக்குக் கீழே ஓடும் சில் பலகையை வெட்டி ஒட்டுவதற்கு ஆகும் மணி நேரத்துக்கு உள்ள கூலிதான் மார்க் 2வுக்கும். மார்க் 2வில் வெட்டி ஒட்ட வேண்டிய இடம் அதைவிட அதிகம்.

எண்ணிப் பாருங்கள். சேஸிஸ் தனியாக இல்லாத வண்டி. உடல்கூடே சட்டகம். சில் பகுதி பல அடுக்கு. முன்பக்கம் சஸ்பென்ஷனைத் தாங்கும் பெட்டிக் குழாய்கள், அவை தரையோடு சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், பின் இலை வில் நுழையும் பெட்டி, பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுக்கும் பான்ஹார்ட் ராட் பிடிமானம், நாலு கதவின் அடிப்பகுதி. தண்ணீர் தேங்காத இடமே கிடையாது. வெளியே பட்டி வைத்து பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதன் பிறகு குரோம்: பம்பர், கிரில் மட்டுமில்லை, நாலு கதவின் கண்ணாடிச் சட்டமும் பித்தளையில் முலாம் பூசியது. பிறகு மரம்: டாஷ்போர்டு, கதவு விளிம்புகள், அந்தக் குட்டி மேசைகள். ஒரே மரத்தின் ரேகை ஒத்துப்போக வேண்டும். பிறகு தோல்: ஐந்து பேர் உட்காரும் அளவு. ஈ-டைப்பில் இரண்டு சீட், இரண்டு கதவு. மரம் என்றால் ஸ்டியரிங் வளையம் மட்டும்.

அதனால் மோசமான மார்க் 2 ஒன்றை முழுதாகச் சரிசெய்ய ஆகும் செலவு, மோசமான ரோட்ஸ்டரைச் சரிசெய்ய ஆகும் செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சில வண்டியில் தாண்டியும் போகும். முடிந்த பிறகு ரோட்ஸ்டர் போட்ட காசில் பெரும்பங்கையாவது திருப்பித் தரும். மார்க் 2 தராது.

இதிலிருந்து வருவது ஒன்றுதான். மார்க் 2 வாங்குகிறவர், இன்னொருவர் ஏற்கெனவே காசைக் கொட்டி முடித்த வண்டியைத்தான் வாங்க வேண்டும். பழைய பில், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், வெட்டிய இடத்தின் படங்கள் எல்லாம் இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால் இந்தச் சந்தையிலேயே லாபமான வாங்குதல் அதுதான். அவர் செலவழித்ததில் பாதியைக்கூட நீங்கள் கொடுக்க வேண்டியிருக்காது. கழற்றிப் போட்டுத் தானே சரிசெய்யும் ஆசை இருக்கிறவர்தான் ஈ-டைப் பக்கம் போகலாம். ஊரே இதைத் தலைகீழாகச் செய்கிறது.

ஈ-டைப்புக்கு நான் வக்காலத்து வாங்குவதாகக் கதிர் சந்தோஷப்பட வேண்டாம். முன் சட்டகம் ரெனால்ட்ஸ் 531 குழாய். உள்ளிருந்து துருப்பிடிக்கும், தட்டிப் பார்த்தாலும் தெரியாது. பழுதுபார்ப்பதைவிட மாற்றுவதே சரி. அந்த நீளமான பானெட் பல துண்டு சேர்ந்தது. ஒரு மூலையில் இடித்தால் ஒரு கார் விலை. பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கிறது. அந்தச் சூட்டில் ஆயில் சீல் வெந்து, ஆயில் டிஸ்க்கிலேயே சொட்டும். அதைச் சரிசெய்யப் பின் சஸ்பென்ஷனை மொத்தமாக இறக்க வேண்டும். கிளட்ச் மாற்ற எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து வெளியே வர வேண்டும்.

#6 சிங்காநல்லூர்_ஃபோர்மேன்

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனா இருந்து ஓய்வு பெத்தவனுங்க. எழுபதுகள்ல ஒரு மில் முதலாளிகிட்ட மார்க் 2 ஒண்ணு இருந்துச்சு. எஞ்சின் வேலை முழுக்க எங்க பட்டறையிலதான். அந்த அம்மிணி சொன்ன தகர விஷயம் நூத்துக்கு நூறு நெசமுங்க. நான் எஞ்சினை மட்டும் சொல்லிப்போடறேன்.

எஸ்யூ கார்புரேட்டர்னு கேட்டு யாரும் மிரள வேண்டாமுங்க. நம்ம அம்பாசிடர்ல இருந்ததும் எஸ்யூதான். டேஷ்பாட்டுல (கார்புரேட்டர் மேல இருக்கற ஆயில் குடுவை) ஆயில் இருக்குதா, பிஸ்டன் சுதியா இறங்குதா, நீடில் தேஞ்சிருக்குதா, இந்த மூணும் பார்த்தா முடிஞ்சுது. மார்க் 2வுல ரெண்டு, காதுல ஒரு குழாய் வெச்சே ட்யூன் பண்ணிப்போடலாம். மூணா இருக்கறப்போ ஒண்ணைத் தொட்டா மத்த ரெண்டும் மாறும். பொறுமை இருக்கோணும். அதே மார்க் 2லயே 2.4 எஞ்சினுக்கு சோலெக்ஸ் கார்புரேட்டர் வந்துச்சுங்க, அது வேற கதை.

டைமிங் செயின் ரெண்டு அடுக்கு. மேல் செயின் சத்தம் போட்டா முன்னாடி இருந்தே இறுக்கிக்கலாம். கீழ் செயின் சத்தம்னா பெரிய வேலை, பேரம் பேசறப்போ அதைச் சொல்லிக் குறைங்க. வால்வு க்ளியரன்ஸ் ஷிம்முங்கற சின்னத் தகட்டுல. மாத்தோணும்னா கேம் ஷாஃப்டைக் கழட்டோணும். அதனால பழைய ஓனருங்க பல பேரு பார்க்காமயே விட்டிருப்பாங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் தண்ணி. ஹெட் அலுமினியம். கூலண்ட் மாத்தாம வெறும் தண்ணி ஊத்தின வண்டின்னா ஹெட்டுல தண்ணி போற வழி அரிச்சுப் போயிருக்கும். பிளாக்குப் பின்பக்கம் சேறு கட்டிக் கிடக்கும், கடைசி ரெண்டு சிலிண்டர் சூடாகும். ரேடியேட்டரை மாத்தி என்ன பண்றது? பின்பக்க கிராங்க் சீல் கயிறு மாதிரிங்க, கொஞ்சம் சொட்டத்தான் சொட்டும். சொட்டே இல்லைன்னா ஆயில் இருக்குதான்னு பாருங்க.

#7 லெஸ்டர்_வாசன்

வித்யா, உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பெண்ணைக் கூட்டாளியாக வைத்துக்கொள்ளுங்கள், என் தம்பியை விடுங்கள்" என்றாள்.

டெர்பிக்காரரிடம் கறுப்புப் பெயிண்டைப் பற்றிக் கேட்டேன். பாதுகாப்புக்கு அடித்தது என்றார். வெல்டிங் படங்கள் கேட்டேன், தொலைந்துவிட்டதாம். அந்த வண்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் மார்க் 2வை எடுக்கவில்லை. கதிர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் கூரையை மடிக்கத் தோதான ஞாயிறு வருடத்துக்கு எத்தனை வரும்? மற்ற நாளில் இரண்டு பேர் துணிக்கூரைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

#8 மயிலை_ரேடியேட்டர்

நடுவில் ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஜாகுவார் எஸ்-டைப். 1963இல் வந்தது, 1968 வரை. மார்க் 2வின் உடம்பை எடுத்து, ஈ-டைப் பாணியில் தனித்தனிப் பின் சஸ்பென்ஷனைப் பொருத்தினார்கள். 3.4, 3.8 இரண்டும் உண்டு. குகன் சொன்ன மழை வளைவுப் பயம் இதில் குறைவு, பின் சீட்டில் தலைக்கு இடம் அதிகம், டிக்கி பெரிது. வாலை நீட்டியதில் மார்க் 2வின் கச்சிதம் போய்விட்டது. அதனால் சந்தையில் இன்றும் அதன் அண்ணனைவிட மலிவு. வித்யா சொன்ன விதி இதற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். முடித்த வண்டியை மட்டும் வாங்க வேண்டும்.

ஓவர்டிரைவ் வேண்டும், முதல் கியருக்கும் சிங்க்ரோ வேண்டும் என்றால் 1965க்குப் பிந்தையதாகத் தேடுங்கள்.

#9 காற்றுவாக்கு_கதிர்

எஸ்-டைப்பா? முன்பக்கம் ஒருத்தரும் பின்பக்கம் இன்னொருத்தரும் ஃபோன்ல பேசிக்கிட்டே வரைஞ்ச மாதிரி இருக்கும் அண்ணா. வேண்டாம்.

அத்தான் மழைக் கணக்கு போடுறாங்க. 1961 மார்ச் 15, ஜெனீவா. ஈ-டைப்பை முதல் முதலா காட்டின நாள். ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு இருந்த ஒரு கூபே போதல. ஜாகுவார் முதலாளி லயன்ஸ் கவென்ட்ரிக்குச் சொல்லியனுப்புறார், ரோட்ஸ்டரையும் கொண்டு வாங்கன்னு. டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸ் 77 ஆர்டபிள்யூ எண் வண்டியை எடுத்துக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கிளம்பி மறுநாள் காலையில ஜெனீவாவுல நிக்கிறார். மார்ச் மாசக் குளிர். அவர் வானிலை அறிக்கை பார்த்துட்டா கிளம்பினார்?

#10 மயிலை_ரேடியேட்டர்

கதிர், அந்தக் கதை உண்மை, ரசித்தும் படித்தேன். ஆனால் அன்றைக்குப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த வண்டிகள் நன்றாக மெருகேற்றிய வண்டிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டோகார் சோதனையில் 150.4 மைல் தொட்ட கூபே அந்த ரகம். கடையில் வாங்கியவர்களுக்கு அந்த எண் பெரும்பாலும் கிடைக்கவில்லை. நீங்கள் வாங்கப்போவது டூயிஸ் ஓட்டியதை அல்ல, அறுபது வருடம் பலர் கைமாறிய ஒன்றை.

#11 ஹரோ_குகன்

கதிர் தம்பி, ஈ-டைப்தான் எண்டால் 3.8ஐ விட்டிட்டு 4.2 பாருங்கோ. 1964 அக்டோபரில வந்தது. குதிரைவலு அதே 265தான், இழுவை கூட. எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ, பிறேக் சேர்வோ திருந்தினது, சீற்றும் மனிசர் இருக்கக்கூடியது. 3.8இன்ர சீற்று ஒரு மணித்தியாலம் தாண்டினா முதுகுக்குத் தெரியும். 1962 நடுப்பகுதிக்கு முந்தின வண்டியில தரை தட்டையா இருக்கும், உயரமான ஆக்களுக்குக் கால் வைக்க இடமில்லை. சேகரிக்கிற ஆக்கள் அதுக்குத்தான் கூடக் காசு குடுக்கினம், எனக்கு அது விளங்குறேல்லை. ஓடுறவனுக்கு 4.2, காட்டுறவனுக்கு 3.8.

அத்தோட அமெரிக்காவில இருந்து திரும்பி வந்த இடக்கைச் ஸ்ரியறிங் வண்டிகள் கனக்க இருக்கு. உலர்ந்த மாநிலத்தில நிண்டதெண்டால் தகரம் நல்லாயிருக்கும். வலக்கைக்கு மாத்தியிருந்தால் ஆர் மாத்தினது எண்டு கேளுங்கோ.

#12 அடையாறு_புதியவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த மாதிரி வண்டியைச் சென்னையில் பதிவு செய்ய முடியுமா?

#13 நெறியாளர்

இறக்குமதி விதிகளுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள். சுருக்கமாக: 50 வயது தாண்டிய, உருமாற்றாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், எரிபொருள், பராமரிப்பு போன்ற தேவைக்குத்தான் ஓட்டலாம், தினசரிப் பயன்பாட்டுக்கு அல்ல. மற்றவர்கள் தொடரலாம்.

#14 வித்யா_கவென்ட்ரி

குகன் அண்ணா சொன்ன 4.2 யோசனைக்கு என் ஓட்டும் உண்டு. எந்த வண்டியானாலும் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். தொழிற்சாலையை விட்டுப் போனபோது இருந்த எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம், அனுப்பிய தேதி எல்லாம் அதில் வரும். ரோட்ஸ்டருக்கு எண் ஒத்துப்போகாவிட்டால் விலை பெரிதாக இறங்கும். மார்க் 2வுக்கு அவ்வளவு இல்லை. அதனால் எண் மாறிய, ஆனால் உடம்பு நல்ல மார்க் 2 வந்தால் தயங்காமல் எடுங்கள். ஓட்டும்போது எண் தெரியாது.

காப்பீட்டில் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதி வாங்குங்கள். மார்க் 2வில் செலவுக்கும் சந்தை விலைக்கும் இருக்கிற இடைவெளியில், சின்ன விபத்தைக்கூட முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள்.

#15 லெஸ்டர்_வாசன்

நிலவரம்: ஷ்ரூஸ்பெரியில் 1966 எஸ்-டைப் 3.8 ஒன்று, ஓவர்டிரைவோடு. முந்தைய உரிமையாளர் உடல்கூட்டை முழுதாகச் செய்திருக்கிறார், படங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. வூஸ்டரில் 1964 மார்க் 2 ஒன்று, அதற்கும் பில் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டையும் பார்க்கப் போகிறோம். கதிரும் வருகிறான். எஸ்-டைப்பின் பின்பக்கத்தைப் பார்க்காமல் முன்பக்கமாகவே நடப்பானாம். அவனுடைய 4.2 தேடலுக்கு அவனுடைய பங்குப் பணத்தைத் தனியாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாயிற்று. மீதியை வங்கிக் கடனில் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். அவன் அக்காவுக்கு இன்னும் தெரியாது.

நேரில் பார்க்கும்போது எஞ்சினில் என்ன பார்க்க வேண்டும், ஃபோர்மேன் ஐயா?

#16 சிங்காநல்லூர்_ஃபோர்மேன்

நீங்க வர்றீங்கன்னு அவங்க முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தா பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, ஆறினதுக்கு அப்புறம் திரும்ப வர்றேன்னு சொல்லிப்போட்டு டீ குடிக்கப் போயிருங்க. ஆறிக் கிடக்கற எஞ்சின்லதான் செயின் சத்தம், புகை எல்லாம் தெரியும். அப்புறம் நல்லா ஓட்டிச் சூடாக்கிப்போட்டு 3,000 சுத்துல ஆயில் பிரஷர் 40 பவுண்டு காட்டோணும். அந்தக் காலத்து கேஜ் மெதுவா ஏறும், பொய்யும் சொல்லும், அதனால குறைவா காட்டுனா ஓடி வந்துராதீங்க. தனி மீட்டர் ஒண்ணை மாட்டிப் பார்க்க விடுவாங்களான்னு கேளுங்க. ஓவர்டிரைவை டாப் கியர்ல சுவிட்ச் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டுப் பாருங்க. சூடான பின்னாடி ஏற மாட்டேங்குதுன்னா அதுக்கு ஒரு விலை போட்டுக் கழிச்சுக்குங்க.

#17 காற்றுவாக்கு_கதிர்

காந்தம், டார்ச், கீழ படுக்கப் பழைய போர்வை எல்லாம் நான் கொண்டு வர்றேன். அத்தான், கடன் விஷயத்தை எழுதினீங்களே, அக்காவுக்கு இந்தத் தளத்துல கணக்கு இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே?